டேப் அறுவதற்கு முன்பே அளவு போய்விடும்

கேள்வி: சிறு வீடுகள் கட்டிக்கொடுக்கும் மேஸ்திரி நான். இரண்டு ஆண்டுகளில் மூன்று 100 அடி ஃபைபர் டேப் வாங்கிவிட்டேன். முதலாவதில் முன்பக்கத்து எண்கள் அழிந்தன. இரண்டாவதில் வளையம் பிய்ந்தது. மூன்றாவது இன்னும் புதிதுபோலவே இருக்கிறது. ஆனால் அஸ்திவாரத்துக்கு மார்க் செய்தபோது 60 அடியில் வீட்டுக்காரரின் ஸ்டீல் டேப்புக்கும் இதற்கும் முக்கால் இஞ்ச் வித்தியாசம் வந்தது. எதை நம்புவது? நாள்பட உழைக்கும் டேப்பை எப்படிப் பார்த்து வாங்குவது?
– கட்டட மேஸ்திரி, நாமக்கல்

பதில்: மூன்றில் எனக்குக் கவலை தருவது மூன்றாவதுதான். எண் அழிந்ததும் வளையம் பிய்ந்ததும் தங்கள் கதை முடிந்துவிட்டதை உங்களிடம் சொல்லிவிட்டுப் போயின. மூன்றாவது எதுவும் சொல்லாமல் வேலையில் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் டேப்பின் 60 அடிக் குறி, ஸ்டீல் டேப்பின் 60 அடியைத் தாண்டி விழுந்ததா, உள்ளே விழுந்ததா? தாண்டி விழுந்தால் உங்கள் டேப் நீண்டிருக்கிறது, அல்லது பையன் பலம் கொண்ட மட்டும் இழுத்திருக்கிறான். உள்ளே விழுந்தால் டேப் தொய்வாகக் கிடந்திருக்கலாம். இல்லையேல் தொடக்கப் புள்ளியில் கோளாறு. சில டேப்புகளில் வளையத்தின் வெளி விளிம்பே சுழியம். சிலவற்றில் வளையம் கழித்து சில அங்குலம் தள்ளித்தான் சுழியம். இரண்டு வகையும் ஒரே தளத்தில் இருந்தால் சண்டை நிச்சயம். முனை கெட்ட டேப்பை ஒரு அடி விட்டுப் பிடித்துவிட்டு, கழிக்க மறக்கும் கதையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வெயிலில் ஸ்டீல் டேப் நீளும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டேப்புகள் 20 டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுகின்றன. 40 டிகிரியில் 30 மீட்டர் ஸ்டீல் டேப் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். 60 அடிக்கு அது 4 மில்லிமீட்டர்தான். முக்கால் இஞ்ச் என்பது 19 மில்லிமீட்டர். (இந்த 7 மில்லிமீட்டரையும் விட்டுவிடாத ஒருவர் நம் ஊரில் வேலை பார்த்திருக்கிறார். 1802இல் பரங்கிமலை அருகே, நில அளவை முழுவதற்கும் ஆதாரமான அடிக்கோட்டை அளந்த ஆங்கிலேய அதிகாரி லாம்டன், தன் 100 அடி எஃகுச் சங்கிலியை மரத் தொட்டிகளில் வைத்து, வெப்பமானி பார்த்துப் பார்த்து அளந்தார்.)

நம்ப வேண்டியது எதை என்றால், மடக்கு விழாத நல்ல ஸ்டீல் டேப்பைத்தான். ஃபைபர் டேப் என்பது கண்ணாடி இழைகளின் மேல் பி.வி.சி. பூசியது. துரு ஏறாது, சேற்றுக்கு அஞ்சாது, மேலே வண்டி ஏறினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இழுத்தால் இழுத்த அளவுக்குக் கொடுக்கும். அதனால்தான் டேப்பின் தொடக்கத்தில் எவ்வளவு பலத்தில் இழுக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள்: ஃபைபரில் பொதுவாக 20 நியூட்டன், அதாவது சுமார் 2 கிலோ, ஸ்டீலில் 50 நியூட்டன், சுமார் 5 கிலோ. வளையத்தை ஆணியில் மாட்டி, மறுமுனையை ஒரு சுருள்வில் தராசால் இழுத்துப் பாருங்கள். 2 கிலோவுக்கும் 6 கிலோவுக்கும் குறி எவ்வளவு நகர்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

கடையில் நிறத்தையும் கைப்பிடியையும் பார்க்காதீர்கள். தொடக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் ரோம எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுதான் துல்லிய வகுப்பு. 30 மீட்டரில் இரண்டாம் வகுப்பு டேப் 6.3 மில்லிமீட்டர் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். மூன்றாம் வகுப்பு 12.6 வரை. அதாவது மூன்றாம் வகுப்பு டேப் அரை இஞ்ச் தப்பினாலும் அது பழுதே இல்லை! எந்த வகுப்பும் போடாத டேப்பிடம் கேள்வி கேட்கவே வழியில்லை.

அடுத்து, ஒட்டுமொத்த டேப்பில் முதலில் சாவது முதல் மூன்று மீட்டர். எல்லா அளவும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஜல்லியிலும் கம்பியிலும் உரசுவதும் அந்தப் பகுதிதான். எண்களின் மேல் ஒளிபுகும் பூச்சு இருக்கிறதா என்று நாணய விளிம்பால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். வளையம் டேப்போடு வெறுமனே தைக்கப்பட்டிருக்கிறதா, உலோகத் தகட்டால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீல் வாங்கினால் வெறும் வண்ணம் பூசியதைவிட நைலான் பூச்சு உள்ளது பல மடங்கு உழைக்கும். தளத்துக்கு மூடிய டப்பா வேண்டாம். திறந்த சட்டமே நல்லது. டப்பாவுக்குள் போன சிமென்ட் மண் வெளியே வராது. ஒவ்வொரு சுற்றிலும் உப்புத்தாள் போல எண்களை அரைக்கும். சுற்றும்போது ஈரத் துணியை விரல்களுக்கு இடையில் பிடித்து, அதன் வழியே டேப்பை விடுங்கள். ஸ்டீலானால் பிறகு உலர்த்துங்கள்.

என் யோசனை: இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மார்க் செய்யவும் மூலைவிட்டம் சரிபார்க்கவும் மட்டும் இரண்டாம் வகுப்பு ஸ்டீல் டேப். அதைப் பையன் கையில் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஃபைபர். மாதம் ஒருமுறை ஃபைபரைத் தரையில் விரித்து ஸ்டீலோடு ஒப்பிடுங்கள். குழிக்கு மேலே அந்தரத்தில் ஸ்டீலைப் பிடிக்கும்போது மட்டும் கவனம்: 13 மில்லிமீட்டர் அகல டேப்பை 30 மீட்டருக்கு 5 கிலோ இழுப்பில் பிடித்தால், தொய்விலேயே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். நடுவில் ஒருவர் தாங்கினால் அது கால்பங்காகக் குறையும்.

கேள்வி: நான் எலக்ட்ரீஷியன். எனக்கும் ஸ்டீல்தானா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். ஸ்டீல் டேப் மின்சாரத்தைக் கடத்தும். உங்களுக்கு ஃபைபர், அதுவும் நனைந்திருந்தால் மின்பலகை அருகே கொண்டுபோகாதீர்கள். கேபிள் நீளம் கணக்கிட அரை இஞ்ச் வித்தியாசம் ஒரு பொருட்டல்ல.

கேள்வி: வாங்கி பத்தே நாளில் டேப் சுற்று பிடித்துக்கொண்டது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாதாமே?
– டைல்ஸ் பதிப்பவர், மதுரை

பதில்: பொருந்தும். சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கைகளில் சேர்த்திருக்கிறது. பத்து நாள்தான் ஆகிறது, எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

அளவே தவறு என்றால் வழி வேறு. 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, துணியும் மரமும் அளக்கும் சாதாரண அளவுகோல்களுக்கு மாதிரி ஒப்புதலிலிருந்து, அதாவது தயாரிக்கும் முன் அரசிடம் பெற வேண்டிய ஒப்புதலிலிருந்து, விலக்குத் தரலாம் என்கிறது. ஆனால் டேப்புகள் நீங்கலாக என்று கவனமாகச் சொல்லிவிடுகிறது; டேப்புக்கு அந்த விலக்கு இல்லை. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. டேப்பையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். அட்டைப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தயாரிப்பாளரின் முகவரி அதில்தான் இருக்கும்.