நீரில் நிற்கும் நெல்லுக்கும் மூச்சு முட்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி மழை தொடங்கினால் வெள்ளத்தைப் பற்றிய கேள்விகள் வந்துவிடும். இம்முறை பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். உயிர் வாழ நீர், காற்று, உணவு, தாங்கக்கூடிய வெப்பம் எல்லாம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பயிரோ மீனோ சாகும்போது இவற்றில் எது முதலில் தீர்ந்துபோனது என்று பார்ப்பதுதான் வேலைக்கு ஆகும். பதில்களை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே? பிறகு ஏன் வெள்ளம் மேலே நின்றால் சம்பா அழுகிப்போகிறது?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

தண்ணீரில் நிற்பதற்கும் தண்ணீருக்குள் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று போய்வர நீளமான இடைவெளிகள் உண்டு. இலை நுனி வெளியே தெரியும்வரை அதன் வழியாக ஆக்சிஜன் வேர்வரைக்கும் இறங்கும். ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். நல்ல வேரின் மேல் செம்பழுப்பாக ஒரு பூச்சு இருக்கும். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைத்ததால் வந்தது அது. வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே காற்று தீர்ந்துவிட்டது.

பயிர் முழுதாக மூழ்கும்போது இந்தக் காற்றுவழி அடைபடுகிறது. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். வெள்ளம் கலங்கலாக இருந்தால் வெளிச்சமும் உள்ளே போகாது, இலையால் மாவு சேர்க்க முடியாது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை நொதிக்கவைத்துச் செடி சமாளிக்கப் பார்க்கும். அதில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜனோடு எரித்தால் செல்லுக்குச் சுமார் 30 ஏடிபி கிடைக்கும், நொதித்தலில் 2 மட்டுமே. (எல்லா உயிரும் வேலைக்குச் செலவழிக்கும் மூலக்கூறு ஏடிபி.) இதற்கிடையே சாதாரண ரகங்கள் எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிடலாம் என்று இலையை நீட்டும். இருந்த மாவுச்சத்தும் அதில் கரைந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் பயிர் துவண்டு சாய்வது அதனால்தான்.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நாட்டு ரகம் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, கையிருப்பைக் காத்துக்கொண்டு அடங்கியிருக்கும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். நம் பக்கம் நடும் சி.ஆர்.1009 சப்1 ரகத்தில் இருப்பது அதுதான். இரண்டு வாரம் வரைகூடத் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வடிகாலைத் தூர்வாருவதற்கு ஈடாக எந்த மரபணுவும் வராது. தண்ணீர் நிற்கும்போது உரம் போடவும் வேண்டாம், வெள்ளத்தோடு போய்விடும்.

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் இந்த நான்கில் எது முக்கியம்?
– பிளஸ் ஒன் மாணவி, கும்பகோணம்

தேர்வில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கேள்வியே தப்பு என்பேன். ஒரு விதைநெல்லை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கும் அதில் இருக்கின்றன. உமி நீக்கிய அரிசியில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்து, 7–8 சதவீதம் புரதம், 2–3 சதவீதம் கொழுப்பு. கொழுப்பு பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. நியூக்ளிக் அமிலமான டிஎன்ஏ எடையில் மிகக் குறைவு.

நன்றாகக் காய்ந்த விதையில் 12–13 சதவீதம் ஈரம்தான். உயிர் இருக்கிறது, வேலை ஏறக்குறைய நின்றிருக்கிறது. ஊறவைத்ததும் முளை ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அரிசியைச் சுற்றியுள்ள மெல்லிய உறைச் செல்கள் அதை உணர்ந்து, டிஎன்ஏவில் அமைலேஸ் நொதிக்கு உரிய பகுதியைப் படியெடுக்கின்றன. அந்தப் படி ஆர்என்ஏ. அதைப் பார்த்துச் செய்யப்படும் அமைலேஸ் ஒரு புரதம். அது மாவை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது, சர்க்கரை எரிந்து ஆற்றல் தருகிறது. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் சவ்வு வேண்டும், அதற்குக் கொழுப்பு. இதில் எந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் முளை வராது. வீட்டில் நெல் முளைகட்டும்போது சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். சர்க்கரை எரிகிற சூடு அது.

நெல்லோடு தொடர்புள்ள இன்னொரு செய்தி: நாற்றைக் கிடுகிடுவென உயரவைத்துக் கெடுக்கும் பூஞ்சை நோயை ஆராய்ந்தபோதுதான் ஜப்பானியரான குரோசாவா 1926இல் அதற்குக் காரணம் பூஞ்சை சுரக்கும் ஒரு பொருள் என்று காட்டினார். ஜிப்பரெலின் கண்டுபிடிப்பு அங்கிருந்து தொடங்கியது.

தாளடி அறுப்புக்கு முன் தெளித்த உளுந்தைப் பிடுங்கினால் வேரில் குட்டிக் குட்டி உருண்டைகள். நோயா?
– வாசகர், மன்னார்குடி

விரலால் தள்ளிப் பாருங்கள். எளிதாக உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே சிவப்பாக இருந்தால் மகிழ்ச்சியான செய்தி, அவை வேர்முடிச்சுகள். வேரே வீங்கி, பிய்க்க வராமல் இருந்தால் நூற்புழுத் தாக்குதல்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். புரதத்துக்கும் டிஎன்ஏவுக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதன் இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் செடியால் தொட முடியாது. முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதை உடைக்கும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. உடைக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம். ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கும். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவுதான். பருப்பில் புரதம் நிறைந்திருப்பது இந்த ஏற்பாட்டால்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சேர்ந்த நைட்ரஜனில் பெரும்பகுதி பயறோடு போய்விடுகிறது. செடியை வேரோடு பிடுங்கி எடுத்துவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது குறைவு. அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள்.

யூரியா ரசாயனம், சாணம் உயிருள்ளது என்கிறார்களே?
– வாசகர், பாபநாசம்

1828இல் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் யூரியாவை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். மாட்டு மூத்திரத்தில் இருப்பதும் மூட்டையில் வருவதும் ஒரே மூலக்கூறு. உயிரிலிருந்து வந்த பொருளுக்குத் தனி சக்தி உண்டு என்ற பழைய நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. அதற்காகச் சாணத்தைத் தள்ளிவிடாதீர்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்பதற்கான கார்பன் சத்தைச் சாணம்தான் அள்ளிக் கொடுக்கிறது.

கடல் தண்ணீர் ஏறினால் நெல் கருகுகிறது, முத்துப்பேட்டை அலையாத்தி மட்டும் எப்படிச் செழிக்கிறது?
– ஆசிரியை, வேதாரண்யம்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வேருக்கு வெளியே உப்பு மிகுந்தால் செடியால் நீரை உறிஞ்ச முடியாது, அதாவது தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தில் சாகும். நாமும் கடல்நீரைக் குடித்தால் அதன் உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் குடித்ததைவிட அதிக நீர் தேவைப்படும். அலையாத்தி பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. மீறி வருவதை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். காற்றில்லாத சேற்றுக்கு மூச்சுவேர்களை மேலே நீட்டிவைத்திருக்கிறது. மாணவர்களை ஒருமுறை படகில் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, கலப்படமா?
– வாசகி, மயிலாடுதுறை

இல்லை. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், மூலக்கூறுகள் நேராக இருப்பதால் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும். நல்லெண்ணெயில் மூலக்கூறுகள் வளைந்திருக்கின்றன, அதனால் உறைவதில்லை.

விடியற்காலையில் குளத்தில் கட்லாவும் ரோகுவும் செத்து மிதக்கின்றன, விரால் மட்டும் தப்புகிறது.
– மீன் வளர்ப்பவர், தஞ்சாவூர்

தீர்ந்துபோனது ஆக்சிஜன். பகலில் பாசி அதை வெளியிடும். இரவில் பாசி, மீன், அடிச்சேற்றுக் கிருமிகள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சும். விடியும் நேரத்தில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். விராலுக்குத் தலைக்குள் காற்றை உறிஞ்சும் தனி உறுப்பு உண்டு. மேலே வந்து நேராக மூச்சு வாங்கும், வரவிடாமல் தடுத்தால் அதுவும் மூழ்கிச் சாகும். கட்லா மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்ததும் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். அன்றைக்குத் தீவனமும் சாணமும் போடாதீர்கள். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியலில் கட்டாயம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.