"பொழைச்சுருவேனா?" என்று அப்பா கேட்டால்

அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் முற்றிவிட்டது; அதை அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். இந்த நிலையில் அவர் இப்படிக் கேட்டால், "சரியாயிடும்ப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஏம்ப்பா, உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். அவர் வாய் திறக்க நேரமாகும். இடையில் புகுந்து தேற்றினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நோய் முற்றியதை மறைத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் வயிறு வீங்குவதும், பார்க்க வந்தவர்கள் கண் கலங்குவதும் அவருக்குத் தெரியாதா? பெரும்பாலும் புரிந்துதான் கேட்கிறார். உறுதி செய்ய: "டாக்டர் சொன்னது எவ்வளவு புரிஞ்சுது? இன்னும் விவரமா சொல்லணுமா?" "வேணாம், அம்மாகிட்ட பேசிக்கோ" என்றால் அதோடு விடுங்கள்.

இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவும் வேண்டாம்; பிறகு அவரால் தெளிவாகப் பேச முடியாமல் போகலாம். கல்லீரல் செயலிழந்தால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் தடுமாற்றம் வரலாம். வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கலோ தொற்றோ காரணமென்றால் சிகிச்சையில் ஓரளவு தெளியலாம்.