வாசகர் கேள்வி பதில்: குதிரையேற்றத்துக்கு ஏற்ற உடை

கேள்வி: அடுத்த மாதம் குதிரையேற்றப் பயிற்சியில் சேரப்போகிறேன். வசதியான உடையில் வந்தால் போதும் என்று பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். என்னிடம் சைக்கிள் ஹெல்மெட், ஜீன்ஸ், ஓட்டப் பயிற்சிக்கான ஷூ மூன்றும் இருக்கின்றன. இவற்றை வைத்தே தொடங்கலாமா? வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எதை முதலில் வாங்க வேண்டும்?

பதில்: ஜீன்ஸை மட்டும் முதல் சில வகுப்புகளுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் அணிந்து குதிரையில் ஏறவே வேண்டாம். குதிரையேற்றத்தில் வசதி என்பது இரண்டாவது கேள்விதான். விழ நேர்ந்தால், நீங்கள் அணிந்திருக்கும் எதுவும் உங்களைச் சேணத்தோடு பிணைத்து வைக்காமல் உடனே விட்டுவிட வேண்டும். தலைக்கவசம் மட்டும் எந்த நிலையிலும் தலையை விட்டு அகலக் கூடாது. எந்த உடையைக் கையில் எடுத்தாலும் முதலில் இதை வைத்தே அதை எடைபோடுங்கள்.

முதலில் காலணியைச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் மிகவும் அலட்சியப்படுத்துவது அதைத்தான். ஓட்டப் பயிற்சி ஷூவில் குதிகால் தனியாக உயர்ந்திருக்காது. குதிரை திடுக்கிட்டுப் பாயும்போது பாதம் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) வழுக்கிக் கணுக்கால் வரை போய்விடும். அப்படியே விழுந்தால் கால் சிக்கிக்கொள்ளும், குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். தன் பக்கவாட்டில் ஏதோ தொங்கி இழுபடுவதை உணர்ந்த குதிரை மேலும் மிரண்டு மேலும் வேகமெடுக்கும் என்பதால், நான் இதைவிட அஞ்சுகிற விபத்து வேறொன்றில்லை. ஆகவே கணுக்காலை மூடுகிற, சுமார் 2.5 சென்டிமீட்டர் குதிகால் உள்ள பூட்ஸை வாங்குங்கள். அடிப்பகுதி வழவழப்பாகவோ, மிக மெல்லிய வரிகளோடோ இருக்க வேண்டும். மலையேற்றக் காலணியின் ஆழமான பள்ளங்கள் அங்கவடியைக் கவ்விக்கொண்டு, காலை உருவ விடாமல் செய்யும். பூட்ஸை அணிந்து அங்கவடியில் வைத்துப் பார்த்தால், பாதத்தின் அகலமான பகுதிக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒரு விரல் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி குறைந்தால் கால் இறுகும். மிகுந்தால் பாதம் முழுவதும் உள்ளே போய்விடும். பயிற்சி நிலையத்தின் அங்கவடி உங்கள் காலுக்குப் பொருந்தாவிட்டால் தயங்காமல் வேறொன்றைக் கேளுங்கள்.

அடுத்து ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் வேறு வகையான விழுதலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. குதிரை மேல் அமர்ந்தவரின் தலை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. விழும் இடத்தில் வேலிக் கட்டை இருக்கலாம், லாடம் அடித்த குளம்பே தலையில் படலாம். இதனால்தான் குதிரையேற்ற ஹெல்மெட்டுகள் பிடரிப் பகுதியைக் கூடுதலாக மூடுகின்றன. விளிம்புள்ள பரப்பின் மீது மோத விட்டும் அவற்றைச் சோதிக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் உதவாது. அதன் எடை கழுத்துக்குச் சுமை, பக்கவாட்டுப் பார்வையையும் காதையும் அது மறைக்கிறது. உள்பட்டையில் ஏஎஸ்டிஎம் எஃப் 1163, பாஸ் 015 போன்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்; அழகுக்கு விற்கப்படும் வெல்வெட் தொப்பிகளில் அது இருக்காது.

தரக் குறியீடு இருந்தாலும் அளவு பொருந்தாவிட்டால் பயனில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் ஹெல்மெட் சமமாக உட்கார வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாமல், கையால் அதை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்: நெற்றித் தோலும் புருவமும் கூடவே நகர்ந்தால் அளவு சரி, ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிது. நீண்ட கூந்தல் உள்ளவர்கள், வழக்கமாக எப்படி முடிந்துகொண்டு சவாரி செய்வார்களோ அதே முடிச்சோடு போய் அளவு பார்க்க வேண்டும். உச்சிக் கொண்டையோடு அணிந்தால் ஹெல்மெட் நிலையாக உட்காராது.

குதிரையை மெதுவாக நடக்க விட்டுப் பழகுவதற்கே இவ்வளவு தேவையா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை 2010-இல் சாதாரணப் பயிற்சியின்போது, குதிரை கால் இடறி விழுந்ததில் தலையில் படுகாயமடைந்து வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். அன்று அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. குதிரையின் நடையழகையும் கட்டுப்பாட்டையும் மதிப்பிடும் டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த உயரமான தொப்பிக்கு விடைகொடுத்து, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021-இல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நெடிய அனுபவம் உள்ளவர்களுக்கே இதுதான் விதி என்றால், புதியவருக்கு விலக்கு எப்படிக் கிடைக்கும்?

ஜீன்ஸின் குறை ஆபத்தைவிட வேதனை சார்ந்தது. உள்தொடையில் ஓடும் தடித்த தையல், குதிரையின் துள்ளுநடைக்கு ஏற்ப அரைமணி நேரம் எழுந்து எழுந்து அமர்ந்தாலே தோலை உரித்துவிடும். உள்பக்கம் தையல் துருத்தாத, முழங்காலில் நெகிழ்ந்து கொடுக்கும் சவாரிக் காற்சட்டையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வழுக்கும் துணியால் ஆன லெக்கிங்ஸ் வேண்டாம், இருக்கை நிலைக்காது. மேலாடை உடலோடு ஒட்டியும், இடுப்பில் செருகக்கூடியதாகவும் இருக்கட்டும். பெண்கள் ஒருபக்கமாக அமர்ந்து சவாரி செய்த காலத்தில், நீண்ட பாவாடை சேணக் கொம்பில் மாட்டி இழுபட்டவர்கள் பலர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விழுந்தால் தானே விடுபடும் பாவாடைகளை உருவாக்க வேண்டிய நிலை அதனால்தான் வந்தது. இன்று சேணத்தில் மாட்டக்கூடியவை கழுத்துத் துண்டும், இடுப்பில் கட்டிய ஸ்வெட்டரும், தொங்கும் ஹூடி கயிறும். வளையக் காதணி, மோதிரம் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஆக, முதலில் ஹெல்மெட், அதோடு பூட்ஸ்; அடுத்து, கடிவாள வார் நழுவாதபடி பிடிமானமுள்ள கையுறை; கடைசியில் காற்சட்டை.

கேள்வி: தோழி ஒருவர் தன் பழைய ஹெல்மெட்டைத் தருகிறார். பார்க்கப் புதிதுபோலவே இருக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மோதலை வாங்கிக்கொள்வது வெளி ஓடு மட்டுமன்று, உள்ளே இருக்கும் நுரை அடுக்குந்தான். ஒருமுறை நசுங்கிய இடம் மறுபடி பழைய நிலைக்கு வராது, வெளியில் கீறலே தெரியாமலும் இருக்கலாம். கல் தரையில் கைதவறி விழுந்ததையோ, வெயிலில் நின்ற காருக்குள் நாள்கணக்கில் கிடந்ததையோ உங்கள் தோழியே மறந்திருக்கக்கூடும். சொந்த ஹெல்மெட்டையும் பலமாக அடிபட்டவுடன் மாற்ற வேண்டும்; அடிபடாவிட்டாலும் சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. தோழியிடமிருந்து பூட்ஸோ கையுறையோ கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் தடை தாண்டும் பயிற்சியைத் தொடங்குகிறாள். மார்புக் கவசம் வாங்கலாமா, காற்று நிரம்பும் வகையா?

பதில்: நுரை அடுக்குகளால் ஆன கவசத்தையே முதலில் வாங்குங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 13158-இல் மூன்று பாதுகாப்பு நிலைகள் உண்டு. தாண்டலுக்கு மூன்றாம் நிலையே ஏற்றது. சேணத்தில் அமர வைத்து அளவு பாருங்கள்: கவசத்தின் பின் விளிம்புக்கும் சேணத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் சேணம் கவசத்தை மேலே தள்ளும். குழந்தை வளர்ந்துவிடுவாள் என்று ஓர் அளவு பெரியதாக வாங்கும் பழக்கம் இதில் கூடவே கூடாது.

காற்றுக் கவசம் ஒரு கயிற்றால் சேணத்தோடு இணைந்திருக்கும். விழும்போது கயிறு இழுபட்டு, குப்பியிலுள்ள வாயு நொடிக்கும் குறைவான நேரத்தில் கவசத்தை நிரப்பும். சிக்கல் என்னவென்றால், கயிற்றைக் கழற்ற மறந்து இறங்கினாலும் அது பெருஞ்சத்தத்தோடு விரிந்து குதிரையை மிரட்டும். இறங்கும் ஒழுங்கு அவளுக்குக் கைவந்த பிறகு, நுரைக் கவசத்துக்கு மேலே கூடுதலாக அணியட்டும். எந்தக் கவசமும் கழுத்தை முழுமையாகக் காக்காது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் சாலையோரம் சவாரி செய்ய நேர்ந்தால்?

பதில்: மழைக்கோட்டைக் குதிரை மேல் இருந்தபடி ஒருபோதும் அணியாதீர்கள், கழற்றாதீர்கள். கைகள் சட்டைக்குள் சிக்கிக் கடிவாள வார் கைவிட்டுப்போகும் அதே நொடியில், குதிரையின் கண் ஓரத்தில் துணி படபடக்கும். ஏறத்தாழ சுற்றுப்புறம் முழுவதையும் பார்க்கும் விலங்கு அது. இறங்கி நின்று அணியுங்கள். வாங்கும்போதே, நடக்கையில் சரசரக்காத துணியாகத் தேர்ந்தெடுத்து, முதலில் தரையில் நின்று குதிரைக்கு அதைக் காட்டிப் பழக்குங்கள். பகலில் பளிச்சிடும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு மேலங்கி போதும். மங்கிய வெளிச்சத்தில் விளக்கொளியைத் திருப்பியனுப்பும் பட்டை உங்கள் உடையிலும் குதிரையின் கால்களிலும் இருக்க வேண்டும், ஏனெனில் எதிரே வரும் வாகனத்தின் தாழ்ந்த வெளிச்சம் முதலில் படுவது அந்தக் கால்களின் மேல்தான்.