ரேஸ் டீமை நடத்த ஆசை, வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். ரேஸ் இன்ஜினியராகி, பிறகு ஒரு டீமையே நடத்த வேண்டும் என்று ஆசை. கேம்பஸில் ஐடி வேலை கிடைத்திருக்கிறது, அப்பா அதில் சேரச் சொல்கிறார். வீட்டை அடமானம் வைத்தாவது இங்கிலாந்து போய் மோட்டார்ஸ்போர்ட் எம்.எஸ்சி. படித்துவிடலாமா?

பதில்: தம்பி, வீட்டுப் பத்திரத்தை இப்போது தொடாதீர்கள். ஆசையை விடச் சொல்லவில்லை, அது நல்ல ஆசை. ஆனால் நீங்கள் போடும் கணக்கில் பட்டம் முதலில் வருகிறது, பட்டறை பிறகு வருகிறது. இந்தத் துறையில் பெரிய ஆளாக வந்த ராஸ் ப்ரானின் கதையைப் பாருங்கள், வரிசை நேர் எதிராக இருக்கும்.

இங்கிலாந்தில் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அப்ரன்டிஸாகத் தொழில் கற்றவர் அவர். 1976-ல் மார்ச் என்ற ரேஸ் கார் கம்பெனியில் சேர்ந்தபோது கிடைத்தது மில்லிங் மெஷின் ஓட்டும் வேலை. இரண்டு வருடம் கழித்து வில்லியம்ஸ் டீமில் மெஷினிஸ்ட், அங்கிருந்து மெல்ல விண்ட் டனல் (காற்றைச் செலுத்தி கார் மாடலைச் சோதிக்கும் கூடம்) பக்கம் போய், காரின் மேல் காற்று ஓடும் விதத்தைப் பற்றிய ஏரோடைனமிக்ஸ் கற்றார். அப்புறம் ஆரோஸ் டீமுக்கு டிசைன், ஜாகுவாருக்கு ஸ்போர்ட்ஸ் கார் (அந்த கார் 1991-ல் உலக சாம்பியன்), பெனட்டனில் டெக்னிக்கல் டைரக்டர், பிறகு ஃபெராரி. ஒரு ஃபார்முலா ஒன் டீமின் தலைவர் நாற்காலியில் அவர் முதல்முறை உட்கார்ந்தது 2007 கடைசியில், ஹோண்டாவில். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. உங்களுக்கும் அத்தனை வருடம் ஆகும் என்று பயமுறுத்தவில்லை, அந்த வருடங்களில் கையில் ஏறிய வேலைதான் பின்னால் அவரைக் காப்பாற்றியது என்கிறேன்.

அவர் ஃபெராரியில் இருந்தபோது நடந்த 1998 ஹங்கேரி பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்துவதற்கு இடமே கிடைக்காத டிராக், முன்னால் எதிரணியான மெக்லாரனின் இரண்டு கார்கள், பின்னால் மாட்டிக்கொண்ட ஃபெராரி டிரைவர் ஷூமாக்கர். ப்ரான் பந்தயத்தின் நடுவில் திட்டத்தை மாற்றி மூன்று பிட் ஸ்டாப் (டயர் மாற்ற, பெட்ரோல் ஏற்ற காரை நிறுத்துவது) என்று முடிவெடுத்தார். ஒரு நிறுத்தம் கூடுதல் என்றால் நேரம் போகும், ஆனால் பெட்ரோல் குறைவாக ஏற்றிய கார் லேசாக ஓடும். ரேடியோவில் அவர் கொடுத்த கணக்கு இதுதான்: 19 லேப் (சுற்று), அதற்குள் 25 நொடி சேர்க்க வேண்டும். ஷூமாக்கர் சேர்த்தார், ஜெயித்தார். அந்தக் கணக்கைத் தைரியமாகச் சொல்ல வேண்டுமென்றால் டயர் எவ்வளவு தேயும், எடை குறைந்தால் லேப்புக்கு எத்தனை நொடி மிச்சமாகும், ஓட்டுகிறவரால் எதுவரை முடியும் என்பதெல்லாம் கைவிரலில் இருக்க வேண்டும்.

டீம் தலைவர் வேலை இதிலிருந்து வேறு மாதிரி. 2008-ல் ஹோண்டா கார் சுமாராகத்தான் ஓடியது. 2009-ல் விதிகள் அடியோடு மாறப்போவது தெரிந்திருந்ததால், 2008-ல் தோற்றாலும் பரவாயில்லை என்று ப்ரான் ஆட்களை அடுத்த கார் மேல் போட்டார். டீம் ஒன்பதாவது இடம். அந்த 2008 டிசம்பரில் ஹோண்டாவே விலகிக்கொண்டது. ப்ரானும் கூட இருந்தவர்களும் டீமை ஒரு பவுண்டுக்கு வாங்கி, மெர்சிடிஸ் இன்ஜினை அவசரமாகப் பொருத்தி, 2009 மார்ச் 29-ம் தேதி மெல்போர்ன் பந்தயத்தில் இறக்கினார்கள். அவர்களுடைய டிரைவர்கள் பட்டனும் பாரிகெல்லோவும் முதலிரண்டு இடம். அந்த வருடம் டிரைவருக்கும் டீமுக்குமான இரண்டு உலகப் பட்டங்களும் அவர்களுக்குத்தான். எல்லோரும் பேசுவது இந்த வெற்றியை. நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு: பணம் போதாமல் அதே வருடம் நூற்றுக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருந்தது, ஜெயிக்கும் காரைச் செய்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். டீமை நடத்துவது என்றால் அந்தக் கடிதங்களில் கையெழுத்துப் போடுவதும் சேர்த்துத்தான். அதற்கு மனசு தயாரா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆயத்தமில்லை என்றாலும் குற்றமில்லை, ரேஸ் இன்ஜினியராகவே கடைசி வரை நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

சரி, இப்போது என்ன செய்வது? நீங்கள் இருக்கும் ஊர் கோவை, செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் இருக்கிறது, மாணவர்கள் தாங்களே கட்டிய காரோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கேதான் நடந்திருக்கிறது. உங்கள் கல்லூரி டீமில் இன்னும் சேரவில்லை என்றால் நாளைக்கே சேருங்கள். டீம் கேப்டன் பதவிக்குப் போட்டி போடாதீர்கள்; பிரேக்கோ, காரின் சென்சார்கள் பதியும் டேட்டாவோ, ஏதாவது ஒன்றை உங்கள் பொறுப்பில் வாங்குங்கள். ஓட்டிவிட்டு வரும் பையன் "வளைவில் முன்பக்கம் இழுத்துக்கொண்டு போகுது" என்பான். வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா என்று கேட்டு, டேட்டாவில் ஸ்டீயரிங் கோடும் வேகக் கோடும் அதே இடத்தில் என்ன சொல்கின்றன என்று பார்த்து, டயர் காற்றையா ஸ்பிரிங்கையா எதை மாற்றுவது என்று முடிவெடுத்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். ரேஸ் இன்ஜினியர் வேலை இதேதான், காரின் விலை மட்டும்தான் வித்தியாசம். பந்தய வார இறுதிகளில் இங்கேயும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் டீம்களுக்குக் கூடுதல் கை தேவைப்படும், போய்க் கேளுங்கள், முதலில் டயர் உருட்டச் சொன்னால் உருட்டுங்கள்.

வேலை விஷயத்தில் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆட்டோ உதிரி பாகக் கம்பெனியில் டிசைன் அல்லது டெஸ்டிங் கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ஐடி வேலையையே எடுங்கள், சனி ஞாயிறு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். இன்றைய ரேஸ் டீம்களில் சிமுலேஷனும் புரோகிராமிங்கும் தெரிந்தவர்களுக்கு நல்ல இடம் இருக்கிறது, அது வீண் போகாது.

இங்கிலாந்து படிப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். கிரான்ஃபீல்ட், ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் இரண்டிலும் நல்ல படிப்பு இருக்கிறது, பெரிய டீம்களில் பலவும் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் படிப்பு முடிந்து அங்கேயே நிலைக்க வேண்டுமென்றால் விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய ஒரு கம்பெனி முன்வர வேண்டும், வெறும் மார்க் ஷீட்டோடு போகிறவருக்கு அது கஷ்டம். இரண்டு சீசன் வேலை செய்து, நீங்கள் தொட்ட காரின் டேட்டாவும் அதில் என்ன மாற்றினீர்கள் என்ற குறிப்பும் கையில் சேர்ந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன் என்று அப்பாவையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம்.