கோத்தகிரியில் சரிவான மனையில் வீடு கட்டுகிறோம். ஆர்க்கிடெக்ட் தேவையா, மேஸ்திரியே போதுமா?

தேவை. அதுவும் மண்ணில் கடப்பாரை விழுவதற்கு முன்பே.

எங்கள் ஊர் மேஸ்திரிகளின் கைவேலையைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் மழைத்தண்ணீர் மனைக்குள் எங்கே நுழைந்து எப்படி வெளியேறும் என்று முதலிலேயே யோசித்து வரைபடமாக்கித் தருவது வேறு வேலை. சமவெளியில் அதை விட்டாலும் சமாளித்துவிடலாம். இங்கே 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல், குன்னூர் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

நாங்கள் வீடு கட்டியபோது வந்த ஆர்க்கிடெக்ட் அம்மா, எத்தனை பெட்ரூம் வேண்டும் என்று கேட்கவே இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த நாளில் வந்து, மேல் வீட்டுத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று குடையோடு நின்று பார்த்தார். வீட்டை ஒரே தளமாக வைக்காமல் சரிவுக்கேற்ப இரண்டு படியாக இறக்கியதில், வெட்டும் மண் வெகுவாகக் குறைந்தது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் வரிசையாகப் பிவிசி குழாய்த் துண்டுகள் வைக்கச் சொன்னார். இன்றைக்கும் பெருமழை பெய்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் சொட்டும். அது உள்ளேயே தேங்கினால் ஈரமண்ணின் பாரம் முழுவதும் சுவர்மேல் விழும். ஹாலைத் தெற்குப் பக்கம் வைத்ததும் அவர்தான். டிசம்பரில் வெயில் தெற்கே சாய்வதால், குளிர்காலத்தில் எங்கள் அம்மா பகலெல்லாம் அந்த ஜன்னலோரம்தான்.

அப்புறம், யாரைப் பிடிப்பது? ப்ளான் போட்டுத் தருகிற எல்லாரும் ஆர்க்கிடெக்ட் இல்லை. 1972 ஆம் ஆண்டின் கட்டிடக்கலைஞர்கள் சட்டப்படி, கட்டிடக்கலைக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கும், நடுவில் பதிவான ஆண்டு இருக்கும். எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். நேர்மையானவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அதைவிட முக்கியம், அவர் மலையில் கட்டிய வீடு ஒன்றை மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்த்து, அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுவது. கோயம்புத்தூரில் அழகான வீடு கட்டியவருக்கு இந்தச் சரிவு பழகியிருக்க வேண்டும் என்றில்லை.

தடுப்புச் சுவர், அஸ்திவாரக் கணக்குக்குத் தனியாக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும். மண் பரிசோதனையையும் விடாதீர்கள்.

உங்கள் கிராமம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். இருந்தால் புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று தடையின்மைச் சான்றுக்கு அலைய வேண்டிவரும். ஜேசிபி இறக்கவும் நீலகிரியில் முன் அனுமதி வேண்டும். இதையெல்லாம் பார்த்துப் பழகிய ஆர்க்கிடெக்டாக இருந்தால் பாதி பாரம் குறையும்.

கட்டணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். முதல் வரைபடம், அனுமதி வரைபடம், வேலைக்கான விவர வரைபடங்கள், கட்டும்போது நேரில் வந்து பார்ப்பது என்று கட்டம் கட்டமாக எழுதி வாங்குங்கள். எத்தனை முறை மனைக்கு வருவார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். தடுப்புச் சுவர் எழும்பும் நாட்களில் கட்டாயம் வர வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.