அமெரிக்க மேற்கின் கல்லூரி ஐஸ் ஹாக்கி: கேள்வி பதில்

கேள்வி: வெஸ்டர்ன் காலேஜியேட் ஹாக்கி லீகில் எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் உள்ளன?

பதில்: 2013-இல் இந்த லீகைத் தொடங்கியவை அரிசோனா, அரிசோனா ஸ்டேட், கொலராடோ, கொலராடோ ஸ்டேட், ஓக்லஹோமா, சென்ட்ரல் ஓக்லஹோமா ஆகிய ஆறு பல்கலைக்கழகங்களின் கிளப் அணிகள். நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் அணி, யூட்டா, கிராண்ட் கேன்யன் போன்றவை பின்னர் சேர்ந்தன. கல்லூரிக் கிளப் அணிகளுக்கான தேசிய அமைப்பாக 1991-இல் உருவான அமெரிக்கன் காலேஜியேட் ஹாக்கி அசோசியேஷனின் ஆடவர் முதல் பிரிவில் இவை ஆடுகின்றன.

கேள்வி: கிளப் அணி என்றால் பொழுதுபோக்கு அணிதானே?

பதில்: அப்படி எண்ணுவது இந்த மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. இவர்களில் பலர் கல்லூரிக்கு முந்தைய நிலையான ஜூனியர் லீகுகளில் ஆண்டுக்கணக்கில் ஆடிவிட்டு வந்தவர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் முதன்மை அமைப்பான என்சிஏஏவின் அணிகளுக்குக் கிடைக்கும் முழுமையான பல்கலைக்கழக நிதி பெரும்பாலான கிளப் அணிகளுக்குக் கிடைப்பதில்லை என்பதே முக்கிய வேறுபாடு. ஆகவே பனித்தள வாடகை, பேருந்து, விடுதி, நடுவர் ஊதியம் ஆகிய அனைத்தையும் வீரர்கள் கட்டும் பருவக் கட்டணம், நுழைவுச்சீட்டு வருவாய், நன்கொடை ஆகியவற்றைக் கொண்டே சமாளிக்க வேண்டியுள்ளது. பாடங்களில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லாதவர் களமிறங்கவும் முடியாது.

கேள்வி: அரிசோனா பாலைவனத்தில் பனித்தளம் எப்படிச் சாத்தியமாகிறது?

பதில்: கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் உறைநிலைக்குக் கீழே குளிர்வித்த உப்புநீர் போன்ற திரவத்தை ஓடவிட்டு, அதன்மேல் மெல்லிய அடுக்குகளாக நீரைத் தெளித்து உறையவைப்பார்கள்; கட்டடம் மூடியிருப்பதால் வெளியே உள்ள வெயில் தடையாக இருப்பதில்லை. உண்மையான சிக்கல், தளம் யாருடையது என்பதுதான். அரிசோனா அணி டூசானின் மாநாட்டு மைய அரங்கில் ஆடுகிறது. அதே அரங்கு 2016 முதல் டூசான் ரோட்ரன்னர்ஸ் என்னும் தொழில்முறை அணிக்கும் சொந்தக் களம். லாஸ் வேகஸ் மாணவர்கள் கோல்டன் நைட்ஸ் என்னும் தொழில்முறை அணியின் பயிற்சி மையத்தில் ஆடுகிறார்கள். கொலராடோ அணிக்கோ போல்டர் வளாகத்தின் உடற்பயிற்சி மையத்திலேயே தளம் அமைந்திருக்கிறது. இந்தப் பிராந்தியத்தில் அது பெரிய பேறு என்றே சொல்வேன். பிறர் தளத்தில் வாடகைக்கு ஆடும் அணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மற்றவர்கள் விட்டுவைக்கும் நேரம்தான்.

கேள்வி: ஒரே எதிரணியுடன் வெள்ளி, சனி என இரண்டு ஆட்டங்கள் ஏன்?

பதில்: தொலைவுதான் காரணம். டூசானிலிருந்து ஓக்லஹோமாவுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். ஒரே ஆட்டத்துக்காக அவ்வளவு தூரம் போய்வர எந்தக் கிளப் அணியின் பையும் தாங்காது.

கேள்வி: இந்த லீக் அணிகள் தேசியப் பட்டம் வென்றதுண்டா?

பதில்: உண்டு. 2014-இல் அரிசோனா ஸ்டேட்டும், 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் சென்ட்ரல் ஓக்லஹோமாவும் வென்றன.

கேள்வி: நன்றாக ஆடும் கிளப் அணிகளெல்லாம் என்சிஏஏவுக்குப் போய்விடுமா?

பதில்: வெற்றி மட்டும் போதாது, பெரும் பணமும் வேண்டும். பென் ஸ்டேட் அணி பலமுறை கிளப் பட்டம் வென்றிருந்தும், 2010-இல் தொழிலதிபர் டெரி பெகுலா 8.8 கோடி டாலர் வழங்க முன்வந்த பிறகே 2012-இல் அது என்சிஏஏ முதல் பிரிவில் ஆடத் தொடங்கியது. அரிசோனா ஸ்டேட்டும் நன்கொடையின் துணையோடுதான் 2015-இல் அங்கே சென்றது. ஆனாலும் தன் கிளப் அணியைக் கலைத்துவிடாமல் இந்த லீகிலேயே தொடர்ந்து ஆடவைத்தது. அந்த முடிவை நான் மனமாரப் போற்றுகிறேன். என்சிஏஏ அணியில் இடம் கிடைக்காத மாணவர்களும் அதனால்தான் பல்கலைக்கழகத்தின் சட்டையோடு களமிறங்க முடிகிறது.