சீனாவின் மிங் அரசுக்கு எல்லைத் தளபதியாக இருந்த வூ சான்குய் ஒரு பெண்ணுக்காகத்தான் பெருஞ்சுவரின் வாசலை வடகிழக்கு எதிரிகளான மஞ்சுக்களுக்குத் திறந்தாரா? பிறகு ஏன் அதே மஞ்சுக்களை எதிர்த்தார்?

பெண்ணுக்காக என்றால் கதை சுவையாக இருக்கும். ஆனால் தேதிகளை வரிசையாக அடுக்கினால் கணக்கு இடிக்கும்.

மிங் பேரரசர் சோங்ஜென் தூக்குப் போட்டுக்கொண்டது 1644 ஏப்ரல் 25. ஷான்ஹாய்குவான் கோட்டைவாசல் மஞ்சுப் படைக்குத் திறந்தது மே 27. நடுவில் 32 நாள். அந்த 32 நாளில் வூ சான்குய்க்கு இருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. சிலவற்றை அடைத்தவர் அவரேதான். (சீன நூல்களில் '4ஆம் மாதம் 22ஆம் நாள்' என்று பார்த்தால் ஏப்ரல் 22 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சந்திர நாட்காட்டி. நம் கணக்கில் மே 27. இணையக் கட்டுரைகள் பலவற்றில் நிகழ்ச்சிகள் முன்பின்னாகக் கிடப்பதற்கு இந்தக் குழப்பமே காரணம்.)

செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதை இங்கே நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். எல்லைப் படைக்குச் சோறு போட்டது யார்? பெயருக்கு மிங் அரசு. ஆனால் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. அதனால் ஒவ்வொரு தளபதியும் 'ஜியாதிங்' எனப்படும் சொந்த வீட்டுப்படை ஒன்றை வைத்திருந்தார். அவர்களுக்கு நல்ல குதிரை, நல்ல சாப்பாடு, நிலம் எல்லாம் தளபதியே கொடுப்பார். சண்டை என்று வந்தால் உண்மையில் மோதுவதும் அவர்கள்தான்.

பேரரசரின் கடைசி மாதங்களில் வூவின் தந்தை வூ சியாங் அரண்மனையில் சொன்னதாக ஒரு கணக்கு பதிவாகியிருக்கிறது. பட்டியலில் 80,000 பேர். உண்மையில் இருப்பவர் 30,000. அவர்களிலும் நம்பிச் சண்டைக்கு அனுப்பக்கூடியவர் 3,000. இந்தப் படையைத் தலைநகருக்குக் கொண்டுவர 10 லட்சம் லியாங் வெள்ளி வேண்டும் என்றார் (ஒரு லியாங் சுமார் 37 கிராம்). பேரரசரின் பதில், உள்கருவூலத்தில் 70,000 லியாங்தான் இருக்கிறது என்பது. விசுவாசம் யாருக்கு என்று கேட்பதற்கு முன் இந்த எண்களைப் பார்த்துவிட வேண்டும். அந்த 3,000 பேர் மிங் அரசின் வீரர்கள் அல்ல, வூ வீட்டின் வீரர்கள்.

உறவும் இரு கரையிலும் இருந்தது. 1641-இல் சோங்ஷானில் ஹோங் செங்சோவ் தலைமையில் சுமார் 1,30,000 பேர் கொண்ட மிங் படை நொறுங்கியது. மஞ்சுக்கள் தானியக் கிடங்கைப் பிடித்துவிட்டார்கள், கையில் மிஞ்சியது சில நாள் உணவு. சேர்ந்து உடைத்துக்கொண்டு வெளியேறுவது என்று முடிவெடுத்த தளபதிகள் இரவில் தனித்தனியே ஓடினார்கள். ஓடியவர்களில் வூவும் ஒருவர். முதலில் ஓடிய வாங் பூவின் தலை போனது, வூவுக்குப் பதவி இறக்கம் மட்டும். அவர் படை இல்லாமல் எல்லை நிற்காது என்று அரசுக்குத் தெரியும். மறு ஆண்டு ஹோங் செங்சோவ் சிறைப்பட்டு மஞ்சுக்களோடு சேர்ந்தார். ஜின்ஜோவைக் காத்துவந்த தாய்மாமன் சூ தாஷோவும் சரணடைந்தார். மாமனிடமிருந்தும் மஞ்சு அரசர் ஹோங் தாய்ஜியிடமிருந்தும் வூவுக்கு அழைப்புக் கடிதங்கள் வந்தன. அவர் போகவில்லை.

இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். போக நினைத்திருந்தால் 1642-லேயே மாமன் வழியாக மரியாதையோடு போயிருக்கலாம். 1643 இறுதியில் மஞ்சுக்கள் நிங்யுவானுக்கும் ஷான்ஹாய்குவான் கணவாய்க்கும் இடையிலிருந்த சிறு கோட்டைகளையும் பிடித்த பிறகு அவர் இருந்த நிங்யுவான் ஒரு தீவு. அப்போதும் அவர் தாண்டவில்லை.

1644 தொடக்கத்தில் மேற்கிலிருந்து கிளர்ச்சித் தலைவர் லீ சூசெங் பெய்ஜிங் நோக்கிக் கிளம்பினார். வூவைத் திரும்ப அழைக்கலாமா என்ற பேச்சு அரண்மனையில் வாரக்கணக்கில் இழுத்தது. அழைத்தால் நிங்யுவானைக் கைவிட வேண்டும். 'நிலத்தை விட்டவன்' என்ற பழியை ஏற்க எந்த அமைச்சரும் முன்வரவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பேரரசர் சொல்லியே மஞ்சுக்களோடு இரகசியமாகச் சமாதானம் பேசிய போர் அமைச்சர் சென் சின்ஜியா, செய்தி கசிந்ததும் 1642-இல் கொல்லப்பட்டார். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் வூவுக்கு 'மேற்கை அடக்கும் பிரபு' பட்டமும் அழைப்பாணையும் வந்தன. நிங்யுவானிலிருந்து கணவாய்க்குச் சுமார் 100 கி.மீ. படை மட்டும் என்றால் மூன்று நாள் போதும். ஆனால் வீரர்களின் குடும்பங்களும் ஊர்மக்களும் மூட்டை முடிச்சுகளோடு கூடவே வந்தார்கள். குடும்பத்தை மஞ்சுக்களிடம் விட்டுவிட்டு எந்த வீரனும் மேற்கே நடக்கமாட்டான். வூ ஃபெங்ருன் அருகே வந்துசேர்ந்தபோது பெய்ஜிங் விழுந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

இங்கேதான் கடன்பட்டவருக்கு, கடன் கொடுத்தவர் இல்லாமல் போனார்.

லீ சூசெங் முதலில் புத்திசாலித்தனமாகவே நடந்தார். முன்னாள் மிங் தளபதி தாங் தோங் மூலம் 40,000 லியாங் வெள்ளியையும், வூ சியாங் பெயரில் எழுதிய கடிதத்தையும் அனுப்பினார். வூ இணங்கினார், அல்லது இணங்கியதுபோல் நடந்தார். கணவாயைத் தாங் தோங்கிடம் ஒப்படைத்துவிட்டுப் புது அரசரைப் பார்க்கக் கிளம்பியும்விட்டார். பாதி வழியில் திரும்பி வந்து, தாங் தோங்கை அடித்து விரட்டிக் கணவாயை மீண்டும் பிடித்தார்.

திரும்பியதற்குக் காரணம் சென் யுவான்யுவான் என்பதுதான் ஊரறிந்த பதில். சூஜோவ் பாடகி, வூவின் ஆசைநாயகி. லீயின் தளபதி லியூ சோங்மின் அவளைக் கைப்பற்றினார் என்பது கதை. 'ஒரு அழகிக்காகச் சினந்தெழுந்தான்' என்ற வரி வூ வெய்யே என்ற கவிஞர் பின்னால் எழுதிய நெடும்பாடலில் வருவது. கவிதையாக அது அருமை. ஆனால் அதே நாட்களில் அதே லியூ சோங்மின் பெய்ஜிங்கில் வேறொன்றும் செய்துகொண்டிருந்தார். மிங் அதிகாரிகளைப் பிடித்து, மரக்கட்டைகளுக்கு நடுவே கால்களை இறுக்கி வெள்ளி கறந்தார். பதவிக்கு ஏற்ற விகிதம்கூட இருந்தது: தலைமை அமைச்சர் என்றால் 1,00,000 லியாங், அடுத்த படிக்கு 70,000-லிருந்து 30,000, கீழ்நிலைக்கு ஆயிரக்கணக்கில். வூவின் தந்தையும் அந்தப் பிடியில் சிக்கினார். நிலமும் பட்டமும் படையும் உள்ள ஒரு குடும்பத்துக்குப் புது அரசில் என்ன காத்திருக்கிறது என்பதை அந்த விகிதப் பட்டியல் சொல்லிவிட்டது. சென் யுவான்யுவான் சேதி கோபத்தைக் கூட்டியிருக்கலாம். ஆனால் வூவின் அதிகாரிகள் அத்தனை பேரும் கூடத் திரும்பியது அவளுக்காக இருக்க முடியாது.

இனி கோட்டை அமைப்பைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முடிவு புரியாது. ஷான்ஹாய்குவான் 1381-இல் கட்டப்பட்டது. வடக்கே மலை, தெற்கே கடல், நடுவே சுமார் 8 கி.மீ. அகலமுள்ள நிலம், அதை மறித்துச் சுவர். முகப்பு கிழக்கே, மஞ்சுக்கள் வரும் திசையில். லீ வந்தது மேற்கிலிருந்து, அதாவது முதுகுப்புறமாக. அந்தப் பக்கம் சிறு புறக்கோட்டைகளும் ஷீ ஆறும்தான் தடுப்பு. ஆகவே 'உலகின் முதல் கணவாய்' என்ற பலகை மாட்டிய அந்த வாசலால் வூவுக்குப் பயன் இல்லை. அது அவருக்குப் பின்னால் இருந்த சுவர்.

மே 20 அன்று, படையோடு வந்துகொண்டிருந்த மஞ்சு ஆட்சிக்காவலர் டோர்கோனிடம் வூவின் முதல் கடிதம் சேர்ந்தது. கவனித்துப் படிக்க வேண்டிய கடிதம். சரணடைகிறேன் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. மிங்கை 'எங்கள் அரசு' என்றும் மஞ்சுக்களை 'வட அரசு' என்றும், சமமான இரண்டு அரசுகளாக வைத்தே எழுதுகிறார். கொள்ளையரை ஒழிக்க உதவினால் பொன்னும் பொருளும் மட்டுமல்ல, நிலமும் பிரித்துத் தருவோம் என்கிறார். மஞ்சுப் படை எந்த வழியாக வர வேண்டும் என்பதையும் குறிக்கிறார்: சுவரின் நடுப்பகுதி, மேற்குப் பகுதிக் கணவாய்கள் வழியாக. ஷான்ஹாய்குவானில் தானே இருப்பார். அதாவது சாவி தன் கையிலேயே இருக்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 757-இல் சீனாவை ஆண்ட தாங் வம்ச அரசு, உய்குர் என்ற அயல் இனத்தாரின் குதிரைப்படையை அழைத்துக் கிளர்ச்சியாளரிடமிருந்து தலைநகர் சாங்ஆனை மீட்டது. உய்குர்கள் கூலியும் கொள்ளையும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஆனால் தாங் அரசுக்கு அப்போது ஓர் அரசர் உயிரோடு இருந்தார், நகரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. வூவுக்கு அது இல்லை. 'எங்கள் அரசு' என்று அவர் எழுதியபோது அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாரும் இல்லை. டோர்கோன் அந்த ஓட்டையைச் சரியாகப் பிடித்தார். நிலம் தருவதாகச் சொன்னதைப் பற்றிப் பதிலில் பேச்சே இல்லை. படையோடு வந்து சேர்ந்துகொள், சொந்த மண்ணும் அரசர் பட்டமும் தருகிறேன். முன்பு பகைவன் என்ற கவலை வேண்டாம், தன்மேல் அம்பெய்த குவான் சோங்கையே பழங்காலக் கோமகன் ஹுவான் அமைச்சராக்கினாரே என்றார். உடனே படையைக் கணவாய்ப் பக்கம் திருப்பினார்.

இதற்குள் லீ மே 18 அன்று பெய்ஜிங்கிலிருந்து கிளம்பிவிட்டார். கூடவே வூ சியாங்கும் மிங் இளவரசரும். வூ உள்ளூர்ப் பெரியவர்களைச் சமாதானம் பேசுவதுபோல் அனுப்பிச் சில நாட்கள் இழுத்தார். மே 25 அன்று டோர்கோனுக்கு லியான்ஷானில் இரண்டாவது கடிதம் கிடைத்தது. ஐந்தே நாளில் தொனி மாறிவிட்டது: விரைந்து வாருங்கள், நேராக ஷான்ஹாய்க்கே வாருங்கள், முன்னும் பின்னும் சேர்ந்து அடிப்போம். என் கணிப்பில் வாசல் திறந்தது மே 27 அன்று அல்ல, இந்த வரியில்தான். மஞ்சுப் படை ஒரு பகல் ஒரு இரவில் சுமார் 100 கி.மீ. நடந்தது. மே 26 அன்று சுவருக்கு வெளியே சுற்றிவந்த தாங் தோங்கின் பிரிவை யிபியான்ஷி அருகே சிதறடித்தது. பிறகு டோர்கோன் கணவாய்க்கு வெளியே நின்றுகொண்டார், உள்ளே போகவில்லை. மேற்கே ஷீ ஆற்றங்கரையில் வூவின் படை லீயோடு மோதித் தேய்ந்துகொண்டிருந்தது. காத்திருக்கக் காத்திருக்க வூவின் விலை இறங்கும் என்று டோர்கோனுக்குத் தெரியும்.

27 காலையில் வூ வெளியே வந்தார். வெள்ளைக் குதிரையும் கறுப்பு எருதும் பலியிட்டு, அம்பை முறித்துச் சத்தியம் செய்தார். தலையின் முன்பக்கத்தை மஞ்சு வழக்கப்படி மழித்துக்கொண்டார். கடிதத்தில் இல்லாத சரணாகதி அந்த மழித்த தலையில் வந்துவிட்டது. படை முழுவதையும் மழிக்க நேரம் இல்லை. லீயின் ஆட்களும் வூவின் ஆட்களும் பார்வைக்கு ஒன்றுபோல் சீனர்கள். எனவே வூவின் வீரர்கள் தோளில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்றார் டோர்கோன். வூவின் படைதான் முதலில் மோதியது. புழுதிக்காற்று அடங்கியதும் மஞ்சுக் குதிரைப்படை லீயின் அணிமேல் பாய்ந்தது. லீயின் படை உடைந்தது. பின்வாங்கும் வழியில் லீ வூ சியாங்கைக் கொன்றார். பெய்ஜிங்கில் வூ குடும்பத்தார் 30-க்கு மேற்பட்டோரையும் கொன்றார்.

அன்றே வூவுக்கு 'மேற்கை அடக்கும் அரசர்' பட்டம். மிங் கொடுத்த அதே அடைமொழி, பிரபுவுக்குப் பதில் அரசர். பெய்ஜிங்குக்குள் அவரை விடாமல், லீயைத் துரத்தும்படி மேற்கே அனுப்பினார் டோர்கோன். தலைநகரில் மிச்சமிருந்த அதிகாரிகள், வூ இளவரசரை மீட்டு அழைத்து வருகிறார் என்று நம்பிக் கிழக்கு வாசலில் பல்லக்கோடு காத்திருந்தார்கள். ஜூன் தொடக்கத்தில் அந்தப் பல்லக்கில் ஏறியவர் டோர்கோன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. 1673-இல் அவர் எழுந்தது மிங்குக்காக அல்ல. தென்மேற்கே யுன்னானில் அவர் தனி அரசு போலவே இருந்தார். அவருடையது உட்படத் தெற்கே இருந்த மூன்று குறுநில அரசுகளும் நாட்டின் வருவாயில் பாதியைத் தின்கின்றன என்ற பேச்சு இருந்தது. இளம் மஞ்சுப் பேரரசர் காங்ஷி அவற்றைக் கலைக்க உத்தரவிட்டதும், டிசம்பரில் வூ ஆளுநரைக் கொன்று கொடி தூக்கினார். மகன் வூ யிங்ஷியோங் பெய்ஜிங்கில் பிணையாக இருப்பது தெரிந்தே தூக்கினார். மறு ஆண்டு மகன் கொல்லப்பட்டார். முடியை வளர்க்கச் சொல்லி, மிங் உடையை மீட்டு, மிங் பெயரைச் சொல்லி ஆதரவு தேடினார். மிங் மீது உண்மையான பற்றுக் கொண்டிருந்தவர்கள் பலர் அசையவில்லை. பெய்ஜிங் விழுந்த பின் தெற்கே முடிசூடிய கடைசி மிங் பேரரசர் யோங்லியைப் பர்மாவிலிருந்து பிடித்து வந்து, 1662-இல் யுன்னானின் தலைநகர் குன்மிங்கில் கழுத்தை நெரித்துக் கொன்றது வூ சான்குய்தான். 1644-இல் அவர் கடன்பட்டிருந்த இடம் காலியாகக் கிடந்தது; 1662-இல் அந்த இடத்தில் ஓர் ஆள் இருந்தார். 1678 மார்ச்சில் மிங் பெயரையும் விட்டுவிட்டுத் தன் பெயரிலேயே பேரரசராக முடிசூடிக்கொண்டார், ஆறேழு மாதத்தில் இறந்தார். பேரன் வூ ஷிஃபான் 1681-இல் குன்மிங் விழும்வரை தாக்குப்பிடித்தார்.